அம்மா ஏறாத மலை

1

அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது என்பதை என் மேலதிகாரிக்குப் புரியவைக்க எனக்கு இருபது நிமிடம் பிடித்தது. நான் கேட்டது அரை நாள் விடுப்பு. மனிதர் நல்லவர். போன வருடம் நான் அடித்துப் பிடித்து ஊருக்கு ஓடியபோது, ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். இந்த முறை கணினியில் அந்தப் பழைய விண்ணப்பத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "உங்கள் தாயார் இறந்த தேதிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறதே?" என்றார். திதி என்றால் என்ன, தேய்பிறை என்றால் என்ன என்று ஜெர்மன் மொழியில் விளக்கப் பார்த்தேன். பதினெட்டு வருடமாக இந்த மொழியில்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனாலும் நிலா, நிலா என்று நாலு தடவை சொன்னதுதான் மிச்சம். கடைசியில் அவரே இரக்கப்பட்டு, காரணம் என்ற கட்டத்தில் 'குடும்ப நிகழ்ச்சி' என்று எழுதிக்கொண்டார்.

நாங்கள் இருப்பது ஸ்டட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். படையல் நடந்தது ஊரில், கே.ஜி.கண்டிகையில், அம்மா கடைசிவரை இருந்த வீட்டில். அங்கே உச்சிப்பொழுது என்றால் எனக்குக் காலை எட்டரை. குளித்துவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு, சட்டை போடாமல், சமையலறை மேசையில் போனைச் சாய்த்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்தேன். என் பெண் தேஜு எனக்குப் பின்னால் ஒரு கையில் ரொட்டியும் ஒரு கையில் பையுமாக ஓடினாள். "அப்பா, குளிரலையா?" என்று ஜெர்மனில் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். பன்னிரண்டு வயது, பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

"தம்பி, எலை தெரியுதாடா?" என்றாள் தனக்கா. என் ஒரே அக்கா. அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள், அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள்.

இலை தெரிந்தது. அம்மாவின் படம் பாதி தெரிந்தது. பாவா, அக்கா வீட்டுக்காரர், கற்பூரம் ஏற்றினார். நான் இங்கே கைகூப்பினேன். எல்லாம் முடிந்ததும் அக்கா போனைக் கையில் எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"ஆங், நல்லபடியா முடிஞ்சிச்சி. வருஷமும் போயிடிச்சி. இனிமே நாம மலைக்குப் போலாம்."

பெற்றவர் இறந்தால் ஒரு வருடத்துக்கு மலைக்கோயில் ஏறக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். திருத்தணியைச் சுற்றி இருப்பவர்களுக்கு அது பெரிய தண்டனை. எங்களுக்கு மலை என்றால் சுற்றுலா இல்லை, பக்கத்து வீடு மாதிரி.

"சரிக்கா" என்றேன்.

"நமக்கு ஒரு வருஷம். அதுவே எப்படா முடியும்னு ஆயிப்போச்சி. அம்மா பன்னண்டு வருஷம் இருந்துச்சி பாரு."

"இன்னா பன்னண்டு வருஷம்?"

"மலை ஏறாம."

எனக்குப் புரியவில்லை. "மூட்டு வலின்னு சொல்லிச்சே?"

"உன்னாண்ட சொல்லிச்சி. பஸ்ஸு மேல வரைக்கும் போவுது, மூட்டு வலிக்கு இன்னாடா வந்திச்சி? உம் பொண்ணு நல்லா பொறக்கணும்னு வேண்டிகினு வந்துச்சே, அன்னிக்கு முருகனாண்ட சொல்லிட்டு வந்துச்சாம். முத முடி எறக்க கொழந்தைய தூக்கிகினு வர்றப்பதான் உன் படிய மிதிப்பேன்னு."

யாரோ அக்காவைக் கூப்பிட்டார்கள். பந்தி போட வேண்டும், அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டாள். நான் வேட்டியோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அலுவலகத்துக்குப் பதினொரு மணிக்குப் போக வேண்டும். போனேன். அன்றைக்கு என்ன வேலை செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

2

அம்மா மலை ஏறாமல் இருந்தாள் என்பது எப்பேர்ப்பட்ட சேதி என்று தெரிய, அம்மா மலை ஏறின கதை தெரிய வேண்டும்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது நைனா, எங்கள் அப்பா, இறந்துவிட்டார். ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம், இரண்டு கறவை மாடு, நானும் அக்காவும். மல்லாட்டை, வேர்க்கடலைதான், போடுவாள், அது இல்லாத காலத்தில் ஊரார் கொல்லையில் களை எடுப்பாள். இதையெல்லாம் தியாகம் என்று அவளிடம் சொன்னால் முறைப்பாள். "எம் புள்ளைங்களுக்கு நான் செய்யாம பஞ்சாயத்து ஆபீஸா வந்து செய்யும்?" என்பாள். வாய் கொஞ்சம் நீளம்.

மாதம் ஒரு நாள் மட்டும் அவள் எங்களுக்குக் கிடைக்கமாட்டாள். கிருத்திகை. அன்றைக்குப் பால் கறந்து ஊற்றிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிப்பாள். முன்னூற்றறுபத்தைந்து படியும் ஏறிவிட்டுத் திரும்பி வந்துதான் வாயில் தண்ணீர் படும். அவள் சாமி கும்பிடுவதும் ஒரு தினுசு. அழமாட்டாள், கெஞ்சமாட்டாள். "மலைக்குப் போயி சொல்லிட்டு வரேன்" என்பாள். எனக்கு அம்மை போட்டதை, நான் பத்தாவது தேறியதை, அக்காவுக்கு மாப்பிள்ளை வந்ததை, எனக்கு விசா கிடைத்ததை, எல்லாவற்றையும் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். தாலுகா ஆபீசில் சொந்தக்காரர் ஒருவர் வேலையில் இருந்தால் போய்ப் பேசிவிட்டு வருவோமே, அதே மாதிரி. அவளுக்கு அவ்வளவு உரிமை இருந்த இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

அந்த இடத்துக்குப் பன்னிரண்டு வருடம் அவள் போகவில்லை. வாரா வாரம் அவளோடு பேசிக்கொண்டிருந்த எனக்கு அது தெரியாது.

3

வேண்டுதலில் ஒரு பாதி எனக்குத் தெரியும். சுஜாதாவுக்கும் எனக்கும் கல்யாணமாகி ஐந்து வருடத்தில் இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. மூன்றாவது முறை தரித்தபோது அம்மா போனில், "முருகனாண்ட சொல்லிட்டேன். கொழந்த முத முடி அவனுக்கு. நீங்க தெகிரியமா இருங்க" என்றாள். நானும் சரி என்றேன். சரி என்று சொல்ல என்ன செலவு?

தேஜு பிறந்து மூன்றாவது மாதம் அம்மா இங்கே வந்தாள். தொண்ணூறு நாள் விசா. அதற்கு நான் ஒரு அலுவலகத்தில் போய், என் தாயாருக்குச் சோறு போடுவேன், மருத்துவம் பார்ப்பேன், நாளானதும் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று எழுதிக் கொடுத்தேன். வீடு எத்தனை சதுர மீட்டர் என்றுகூடக் கேட்டார்கள். என்னை வளர்ப்பதற்கு முன்னால் அம்மாவிடம் யாரும் வீட்டை அளந்து பார்க்கவில்லை.

வந்தது நவம்பர் மாதம். நாலரை மணிக்கு இருட்டிவிடுவதைப் பார்த்து, "இன்னிக்கி கிரகணமாடா?" என்றாள். காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டுவாள். குளியல் தொட்டிக்குள் அவளே இறங்கி உட்கார்ந்து செய்வாள், இடம் போதாமல் முழங்கால் இரண்டும் சிவந்து கிடக்கும். குழந்தையின் நகத்தை வெட்டவிடுவாள், முடியில் மட்டும் கைவைக்கவிடமாட்டாள். கண்ணில் விழுகிறதே என்று சுஜாதா கத்தரியை எடுத்தபோது, "வோணாம் கண்ணு, அது நம்முளுது இல்ல" என்றாள்.

தொண்ணூறு நாளில் மூன்று கிருத்திகை வந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரிக் காலண்டரைப் பார்த்துச் சரியாகச் சொல்லிவிடுவாள். முதல் கிருத்திகை அன்று, "மலை எந்தப் பக்கம்டா?" என்று கேட்டாள். போனில் திசைகாட்டியைத் தட்டிப் பார்த்துக் காட்டினேன். அந்தப் பக்கம் குளிர்பதனப் பெட்டி இருந்தது. அதற்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். "அவனுக்குத் தெரியும், பெட்டிக்கு அப்பால தானே நிக்கறான்" என்றாள்.

விமான நிலையத்தில் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை, "அடுத்த வாட்டி வர்றப்ப மொட்ட" என்பதுதான்.

4

இனிமேல் எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தேஜுவுக்கு ஒன்றரை வயதில் மூன்று வாரத்துக்கு ஊருக்குப் போனோம். சுஜாதா வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், புத்தூர். தெலுங்குக் குடும்பம், குலதெய்வம் திருப்பதி வெங்கடேசர். அந்த வீட்டில் பிறந்த பிள்ளை, பெண் வயிற்றுப் பிள்ளை எல்லோருக்கும் முதல் மொட்டை அங்கேதான். எங்கள் வீட்டிலிருந்து அவர்கள் வீடு ஒரு மணி நேரப் பயணம். நடுவில் இரண்டு சாமி நிற்பார்கள் என்று பெண் பார்க்கப் போன அன்று எனக்குத் தோன்றவில்லை.

விமானம் இறங்கியதும் முதலில் புத்தூருக்குத்தான் போனோம். மாமனார் எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தார். நாலு காரில் சொந்தக்காரர்கள். சுஜாதா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அம்மாவாண்ட நீங்க பேசிக்கறீங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்டாள், அதை நான் சொல்லியாக வேண்டும். நான்தான், "அம்மா ஒண்ணும் நினைக்காது, இரண்டாவது மொட்டை போட்டுக்கலாம்" என்றேன். மாமனார் முன்னால் நின்று முடியாது என்று சொல்ல எனக்குக் கூச்சம். ஜெர்மனியில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை என்று நாலு பேருக்கு அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். மூட நம்பிக்கைக்காகத் தகராறு செய்கிறவன் என்று பேர் வாங்க வேண்டாமே என்று பார்த்தேன். அம்மாவிடம் பேர் கெட்டால் பரவாயில்லை, அவள் எங்கே போய்விடப்போகிறாள்.

திருமலையில் முடி இறக்கினோம். மறுநாள் கண்டிகைக்குப் புறப்படும் முன்பு குழந்தையின் தலையில் இருந்த சந்தனத்தைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். வீட்டு வாசலில் ஆட்டோ நின்றதும் அம்மா ஓடிவந்தாள். தலையைப் பார்த்து நின்றாள்.

"சூட்டுக் கொப்புளம்மா. வந்து இறங்கினதுமே தலையெல்லாம் கிளம்பிடிச்சி. டாக்டரு எடுக்கச் சொன்னாரு. மெட்ராஸ்லயே சலூன்ல எடுத்துட்டோம்."

சுஜாதா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா குழந்தையை வாங்கி, உச்சி முகர்ந்து, இடுப்பில் வைத்துக்கொண்டாள். "கொழந்தைக்கு நல்லா போனா சரி" என்றாள். உள்ளே போய்க் கேழ்வரகுக் கூழ் காய்ச்சினாள். விஷயம் இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று எனக்கு நிம்மதி.

5

அதற்குப் பிறகு பத்து வருடத்தில் மூன்று முறை போயிருப்போம். இரண்டாவது மொட்டை என்ற பேச்சை நானும் எடுக்கவில்லை, அம்மாவும் எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். வயதாகிறது அல்லவா.

ஒரு தடவை நாங்கள் மூன்று பேரும் மலைக்குக் கிளம்பினோம். தேஜுவுக்கு அப்போது ஏழு வயது. "வாம்மா, கார்லயே மேல போயிடலாம்" என்றேன். "நீங்க போயிட்டு வாங்க. எனக்கு முட்டி வலிக்குது. நான் வட சுட்டு வெக்கறேன்" என்றாள். போனோம். சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கி அரை மணியில் கும்பிட்டுவிட்டு வந்தோம். பஞ்சாமிர்தத்தை அவள் கையில் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கூட்டமா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். வடை நன்றாக இருந்தது. நான் ஆறு வடை தின்றேன்.

மற்றபடி ஞாயிற்றுக்கிழமை போன்தான். இங்கே மதியம் ஒன்றரை, அங்கே சாயங்காலம் ஐந்து. அம்மாவுக்குப் போனைப் பிடிக்கத் தெரியாது, எப்போதும் நெற்றி மட்டும்தான் தெரியும். நெற்றியும் திருநீறும் கூரையில் சுற்றுகிற காற்றாடியும். தேஜுவைக் கூப்பிட்டால் வந்து, "அவ்வா, நல்லா இருக்கீங்களா, நான் நல்லா இருக்கேன்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுப் போய்விடுவாள். நாலு வயதில் அவளிடம் கடைசியாக ஒரு முழுத் தமிழ்ப் பேச்சு இருந்தது. பிறகு பள்ளிக்கூடம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. நானும் விட்டுவிட்டேன், அலுப்புதான் காரணம். அம்மா அந்த ஒரு வாக்கியத்துக்காக ஐந்து மணிக்குத் தலைவாரித் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று அக்கா சொன்னது அவள் இறந்த பிறகு.

இறந்தது ஒரு விடியற்காலையில், மாட்டுக் கொட்டகையில். நான் மறுநாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். எனக்காக வைத்திருந்தார்கள். நெற்றியைத் தவிர மற்ற முகத்தையும் அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தேன். ரொம்ப வயதாகியிருந்தது.

6

திதி முடிந்து நாலு நாள் நான் ஒன்றையே யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா சொல்லிவிட்டு வந்ததை எப்படியாவது தீர்த்துவிட முடியாதா? முருகனுக்கு நானே மொட்டை போட்டுக்கொள்ளலாம் என்றால், என் தலையைப் பார்த்து முருகனே சிரிப்பார். காதோரம் இருப்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். அப்போதுதான் பூமுடி நினைவுக்கு வந்தது. முழு மொட்டை வேண்டாதவர்கள், பெண்கள், மூன்று கற்றை மட்டும் வெட்டிக் கொடுப்பார்கள். தேஜுவை அழைத்துப்போய் அதைச் செய்துவிட்டால்?

அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். பாதி ஜெர்மன், பாதி தமிழ். அவள் பதில் எல்லாம் ஜெர்மன், நான் நம் மொழியில் எழுதுகிறேன்.

"எனக்கு அவ்வாவோட நெத்திதான்பா ஞாபகம் இருக்கு" என்றாள். அப்புறம், "இவ்வளவு முக்கியம்னா அவங்க ஏன் என்கிட்ட கேக்கல?" என்றாள்.

"நீ சின்னப் பிள்ளை."

"போன வருஷம் நான் சின்னப் பிள்ளை இல்லையே."

கேட்டிருந்தாலும் உனக்குப் புரிந்திருக்காது, அவளுக்கு உன் மொழி தெரியாது, உனக்கு அவள் மொழி தெரியாது, நடுவில் இருந்தவன் நான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"இப்ப நான் கொடுத்தா அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். தோளைக் குலுக்கினாள். "கொடுக்கறேன்பா. எனக்கு ஒண்ணும் இல்ல. முடிதானே, வளரும்." எழுந்து போய்விட்டாள்.

மாட்டேன் என்று அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனாலும் சம்மதம் சம்மதம்தானே. அன்றிரவு விமானச் சீட்டு விலைகூடப் பார்த்தேன்.

7

அம்மா போன பிறகு அதே ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்கு அக்காவைக் கூப்பிடுவது வழக்கமாகியிருந்தது. அந்த ஞாயிறும் கூப்பிட்டேன். தேஜு சம்மதித்துவிட்டாள், ஆடிக் கிருத்திகைக்கு வந்து பூமுடி கொடுக்கிறோம் என்றேன்.  அதோடு திருப்பதி விஷயத்தையும் அவிழ்த்தேன். மெட்ராஸ் சலூன் என்று நான் சொன்னது பொய் அக்கா என்றேன்.

"அம்மாவுக்குத் தெரியும்டா" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கொழந்தைய வாங்கி உச்சி மோந்துச்சே, அப்பவே தெரிஞ்சிபோச்சி. எந்த சலூன்ல சந்தனம் பூசறாங்க?"

நான் போனை வேறு கைக்கு மாற்றினேன்.

"அதுக்கு முன்னாடி ஆடிக் கிருத்திகைக்கு நடந்து போற ஜனத்துக்கு வாசல்ல நின்னு மோர் ஊத்தும். ஆயா, நீ வர்லயான்னு கேப்பாங்க. எம் பேத்தி வரட்டும்னு பெருமையா சொல்லும். நீ வந்துட்டுப் போன வருஷத்துல இருந்து அப்பிடி சொல்லல. முட்டி வலின்னு சொல்ல ஆரம்பிச்சிடிச்சி. நாந்தான் ஒருவாட்டி, இனிமே இன்னா, நீ போயிட்டு வாம்மான்னேன். குடுக்கறேன்னு சொன்னத வேற வாசல்ல குடுத்துட்டு, எந்த மூஞ்சிய வெச்சிகினு போயி நிக்கறதுன்னு கேட்டுச்சி."

"என்ன ஏன்க்கா கேக்கல? ஒரு வார்த்த கேட்டிருந்தா நான்..."

"நானும் அதான் சொன்னேன். அவன கேளும்மா, தப்பு காணிக்க கட்டிட்டு இன்னொரு மொட்ட போட்டுக்கலாம்னு. வோணாம்னு என் கையப் புடிச்சிகினிச்சி. முருகன் கோச்சிகினா நான் தாங்கிக்கறேன், புள்ள கோச்சிகினா நான் இன்னாடி பண்ணுவேன்னிச்சி. கேட்டா உனக்கு வெக்கமா பூடுமாம். அதுக்கப்பறம் பேச மூஞ்சி வராதாம். ஞாயித்துக்கெழம போன் பண்றத நிறுத்திடுவியாம்."

"நான் அப்பிடி நிறுத்துவேனாக்கா?"

"எனக்கு இன்னாடா தெரியும்?" என்றாள் அக்கா. கோபமே இல்லை குரலில். "நீ புள்ளைய கூட்டிகினு வா, வர்லன்னா போ. வேண்டிகின அம்மாவே இல்ல, இப்ப யாருக்காக? மாடு கத்துது, நான் வெக்கறேன்."

இது நடந்து மூன்று ஞாயிறு ஆகிறது. முதல் ஞாயிறு தேஜுவுக்கு நீச்சல் போட்டி இருந்தது. அடுத்த ஞாயிறு எனக்குத் தலைவலி என்று சுஜாதாவிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். நேற்று ஒரு வேலையும் இல்லை, உடம்புக்கும் ஒன்றும் இல்லை. ஒன்றரை மணிக்குப் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி ஆயிற்று, இரண்டரை ஆயிற்று. நான் அக்காவைக் கூப்பிடவில்லை.